பில்லி வைக்கச் சொன்ன ஐலெட் அக்கா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுத எனக்கு என்ன யோக்கியதை? பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து வரும் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இருபது வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் ரசம் வேண்டுமென்றால்கூடப் பக்கத்து இலைக்காரரைத்தான் கேட்கச் சொல்வேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்திருக்கிறேன் என்றால் காரணம் ஒன்றுதான். ஐலெட் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

உலகத்தில் ஓட்டை போட்டே பெரிய ஆளானவர் என்று ஒருவர் உண்டென்றால் அது ஐலெட் அக்காதான்.

ஷூவில் லேஸ் கோக்கிற ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் ஐலெட். எங்கள் லைனில் அதை அடிக்கிற மிஷின் அக்காவுடையது. காலால் பெடலை மிதித்தால் டக்கென்று ஒரு கண் விழும். அந்த டக் சத்தம் அக்காவின் ரத்தத்தில் ஊறிவிட்டது. கிழிந்த குடையா, வீட்டு ஜன்னல் துணியா, ரேஷன் கார்டு உறையா, எதைப் பார்த்தாலும் அக்காவுக்கு அதில் ஒரு ஐலெட் அடிக்க வேண்டும். அக்கா வீட்டுக் கொடியில் காயும் துணிக்கு கிளிப் கிடையாது. எல்லாத் துணிக்கும் ஓரத்தில் கண் இருக்கும், அதில் கயிறு கோத்துக் கட்டியிருப்பார். மருமகன் தலை தீபாவளிக்கு வந்தபோது புது வேட்டிக்கும் கண் அடித்துக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "அவுந்துடாம இருக்கும்மே, எவ்ளோ சௌகரியம்!" என்பார்.

அக்காவின் நிஜப் பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னையும் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ டென்த்து" என்பார். எங்கள் வயசுக்காரிகளில் பத்தாவது பாஸ் செய்தவள் நான் ஒருத்திதான். இப்போது வேலைக்கு வருகிற பெண்களெல்லாம் டிகிரி முடித்தவர்கள். ஆனால் அவர்கள் எழுதுவதெல்லாம் போனில்தான். வெள்ளைத் தாளில் கோடு சாயாமல் எழுத வேண்டுமென்றால் டென்த்துதான் வர வேண்டும்.

கதை போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது.

கம்பெனி வேன் எங்களை மெயின் ரோட்டிலிருந்து திருப்பி, ஏரிக்கரை மேலே இரண்டு கிலோமீட்டர் கொண்டுவந்து ஊருக்குள் இறக்கிவிடும். நடுவில் ஒரு வளைவு. விளக்கு இல்லை, தடுப்பு இல்லை. ஒருபக்கம் ஏரி. ஓவர்டைம் முடிந்து வந்த ஒருநாள் சாயங்காலம், மழையில் அந்த வளைவு டிரைவர் பாஷா பாய்க்குத் தெரியாமல் வேன் நேராகப் போய் ஏரிச் சேற்றில் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. இருபது பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வேனைத் தள்ளினோம். அக்கா மட்டும் கீழே இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம்! தம் கட்டுங்கமே!" என்று எங்களுக்குத் தைரியம் கொடுத்தார்.

மறுவாரம் வேன் கான்ட்ராக்டர் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிஸ்க்கு. அந்த வார்த்தை இல்லாமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது.

"அந்த வளைவு ரிஸ்க்கும்மா. பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் இருட்டனா வேன் மெயின் ரோட்டோட நின்னுடும். எறங்கி நடந்துக்குங்க."

"ரெண்டு கிலோமீட்டரு நடக்கறது ரிஸ்க் இல்லியா சார்?" என்றார் அக்கா.

"அது உங்க ரிஸ்க்கு. வேனு என் ரிஸ்க்கு."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்கரையில் வரும்போது அக்கா கிலோமீட்டர் கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் அந்தக் கால் பெடல் மிதித்திருக்கும்!

"சும்மா நடந்து பாத்தேன், டென்த்து. மெயின் ரோட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள மூணு வாட்டி ஒக்காந்துட்டேன்" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "யாராண்டயும் சொல்லாத. வேன் நின்னுச்சின்னா நான் வேலைய உட்டுடணும். இந்த மிஷின உட்டா எனக்கு இன்னா தெரியும் சொல்லு?" என்றார்.

அக்கா அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன். அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேனில் ஏறியதும் அக்கா வேறு ஆளாக இருந்தார். வேன் பெரிய ரோட்டில் போகும்போது, தார் மேலே வரிசையாக ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன வில்லைகளைக் காட்டினார். வண்டி விளக்குப் பட்டால் பளிச்சென்று திருப்பி மின்னுமே, அவைதான்.

"பாருங்கமே. பெரிய ரோட்டுக்குக் கண்ணு வெச்சிருக்கான். நம்ம ரோடு குருடு. அதுக்கும் நாலு கண்ணு வெச்சிட்டா ரிஸ்க்கு வாய மூடிக்குவான். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம். இதுக்குப் பேரு இன்னா?"

அங்கேதான் வந்தது வம்பு. வேனில் இருந்த அத்தனை பேரும் தினமும் அதன் மேலேதான் போகிறோம். பெயர் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"மின்மினி" என்றாள் ஒருத்தி. "லைட்டுக் கல்லு" என்றாள் இன்னொருத்தி. ரோட்டைப் பார்த்தபடியே பாஷா பாய், "எங்க வூட்ல பில்லி கீ ஆங்க்னு சொல்லுவோம்" என்றார்.

பின் சீட்டிலிருந்து, ஆந்திராவில் குப்பம் ஊரில் பிறந்த லட்சுமம்மா எழுந்து நின்றுவிட்டார். "அட, எங்க தெலுங்குலயும் பில்லி கன்னுதான்!"

உருதுவிலும் பில்லி என்றால் பூனை, ஆங்க் என்றால் கண். தெலுங்கிலும் பில்லி என்றால் பூனை. சொல்லும்போது கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறதாம். தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே பில்லிதான். அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பாஷைக்காரங்க ஒரே பேரு சொல்றாங்கன்னா, அதான் கவர்மென்ட்டு பேரு. டென்த்து, எழுது."

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. தமிழில் பில்லி என்றால் வேறு ஆயிற்றே என்று நினைத்தேன். ஆனால் நினைத்ததைச் சொல்லிவிட்டால் நான் நானில்லையே. கோடு சாயாமல் எழுதினேன்: 'எங்கள் ஊர் ஏரிக்கரை வளைவில் வண்டிகள் கவிழ்கின்றன. ஆகவே அங்கே இரண்டு பக்கமும் பில்லி வைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

பத்தாம் நாள் எங்கள் தெருவுக்கு போலீஸ் வந்தது.

வந்த ஏட்டையா நல்ல மனிதர். ஆனாலும் மனுவைக் கையில் பிடித்திருந்த விதத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது. "யாரு இத குடுத்தது?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா முன்னால் போனார்.

"நான்தான் சார்."

"பில்லி வெச்சிட்டாங்கன்னு புகாரு வரும். பில்லி வெக்கச் சொல்லி மனு வந்து நான் பாத்ததில்ல. யாருக்கும்மா வெக்கணும்?"

"எல்லாருக்கும்தான் சார். போறவன் வர்றவன் எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?"

"ஆமா சார். ரெண்டு பக்கமும், பத்தடிக்கு ஒண்ணு. முக்கியமா எங்க வேன் கான்ட்ராக்டரு கண்ணுல படணும்."

ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டார். "அவரு மேல இன்னாம்மா கோவம்?"

"கோவம் இல்ல சார். அவுரு பாத்துட்டா போதும், அடங்கிடுவாரு. பகல்ல ஒண்ணும் தெரியாது, சும்மா கெடக்கும். இருட்டனப்புறம்தான் வேலை செய்யும்."

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கின?"

"இதுல இன்னா சார் கத்துக்கறது? பெரிய ரோட்ல கவர்மென்ட்டே வெச்சிருக்குதே!"

ஏட்டையா திண்டாடிப் போய்விட்டார். கடைசியில் பாஷா பாய் ஓடிவந்து விஷயத்தை விளக்கினார். அதைக் கேட்டு ஏட்டையா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "சுத்தத் தமிழ்ல எழுதுங்கம்மா. பூனைக்கண்ணுன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினோம். 'எங்கள் ஏரிக்கரைக்குப் பூனைக்கண் தேவை. அவசரம்.' மூன்றாவது வாரம் கால்நடைத் துறையிலிருந்து ஒரு டாக்டர், கையில் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"கண்ணு கெட்டுப்போன பூனை எங்கம்மா இருக்கு?"

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டு உள்ளே போயிருப்பார்கள். ஐலெட் அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "பூனை எங்கியோ வெளிய போய்ட்டுது சார். வந்தது வந்துட்டீங்க, ஆட்டப் பாத்துட்டுப் போங்களேன்" என்றார். அன்று எங்கள் தெருவில் ஒரு ஆடு பாக்கியில்லாமல் ஊசி போட்டுக்கொண்டது. இரண்டு கோழிகளும் வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

"பேரே வேணாம். படம் போட்டுக் குடு" என்றார் அக்கா அடுத்தபடியாக. நான் வரைந்த படம் சோப்பு டப்பா மாதிரி வந்தது. அந்த மனு எந்த ஆபீஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ, இன்றுவரை பதில் இல்லை.

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு நாள் எண்ண ஆரம்பித்தோம். அக்கா மிஷினில் உட்கார்ந்தபடியே காலை மாற்றி மாற்றி மிதித்தார். அந்த டக் சத்தத்தில் தாளம் தப்பியது எனக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது எங்கள் லைனில் ஓட்டப் பந்தய ஷூ ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷூவின் குதிகாலில் ஒரு சாம்பல் நிறப் பட்டை வைத்துத் தைப்போம். சும்மா பார்த்தால் மங்கலாக இருக்கும். வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசும். விடியற்காலையில் ஓடுகிறவன்மேல் வண்டி மோதாமல் இருப்பதற்காக வைத்தது. வெட்டியது போக மிச்சத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யாரோ போன் லைட்டைப் போட, அந்த மூலை முழுக்க குப்பென்று எரிகிற மாதிரி மின்னியது. அக்கா வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு எழுந்து நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப்போனார்.

"சார், அந்த மின்னுற துண்டு குப்பைக்குத்தான போவுது? எங்களுக்குக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ரோட்டுக்கு ஷூ போடப் போறோம்."

மேனேஜர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தபடியே கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். தோல் கழிவுத் துண்டுகளையும் சேர்த்து எடுத்துப்போகச் சொன்னார்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் சாப்பாட்டு நேரம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரமாக இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோலை வெட்டினோம். அதன்மேல் மின்னும் பட்டையை ஒட்டினோம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அக்கா ஐலெட் அடித்தார். கட்டுக்கம்பியை அந்த ஓட்டைகளில் கோத்து ஒரு கட்டையோடு கட்டினால் எந்தக் காற்றுக்கும் தோல் கிழியாது. ஆணி அடித்திருந்தால் ஒரே வாரத்தில் பிய்ந்திருக்கும். டிகிரி படித்த பெண்களுக்குக்கூட அக்காவின் மிஷின்மேல் அப்போதுதான் மரியாதை வந்தது. பந்தல் போடுகிறவர் நாற்பது சவுக்குக் கட்டை கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தெருவும் ஏரிக்கரையில் இறங்கி, வளைவின் இரண்டு பக்கத்து மண்ணிலும் கட்டைகளை நட்டது. அக்கா ஒரு ஸ்டூல் போட்டு நடு ரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கட்டையையும் எதிர்க் கட்டையோடு ஜோடி பார்த்தார்.

"ஒரு நூல் தள்ளு! ஷூல கோணையா கண்ணு வெச்சா ஒத்துக்குவானா? ரோடு மட்டும் இளக்காரமா?"

மறுநாள், பொங்கல் லீவுக்கு முந்தின சாயங்காலம், ரிஸ்க்கு எங்கள் வேனில் முன் சீட்டில் ஏறினார். அக்காதான் அழைத்திருந்தார். "கடைசியா ஒருவாட்டி வந்து பாத்துட்டு முடிவு சொல்லுங்க சார்." அவர் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார்.

வேன் ஏரிக்கரையில் ஏறியது. நல்ல இருட்டு. பின்னாலிருந்து பார்த்தால் ரிஸ்க்கின் கை கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது தெரிந்தது. நாங்கள் அதுவரை போன் லைட்டில்தான் சோதித்திருந்தோம். வேன் விளக்கில் பார்த்ததே இல்லை.

பாஷா பாய் விளக்கை ஹை பீமில் தூக்கிப் போட்டார்.

வளைவு எழுந்து நின்றது. அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை, நடுவில் ரோடு எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது எல்லாம் வெளிச்சத்தில் வரைந்து வைத்த மாதிரி தெரிந்தது. ஏரித் தண்ணீரிலும் இன்னொரு வரிசை மின்னியது.

"யா அல்லா! ரோடு முழிச்சிக்கிச்சி!" என்று கத்திவிட்டார் பாஷா பாய்.

வேனில் விசில் பறந்தது. நானும் விசில் அடித்தேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரிஸ்க்கு வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு கட்டை அருகே போய்த் தோலைத் தடவிப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இதுக்குப் பேரு இன்னாம்மா?"

உடனே வேனிலிருந்து இருபது பெயர் பாய்ந்தது. மின்மினி, பில்லி, பூனைக்கண், லைட்டுக் கல்லு. அக்கா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

"பேரு தேடித் தேடியே மூணு மாசம் போச்சு சார். அத உடுங்க. வேன் வருமா, வராதா?"

ரிஸ்க்கு வளைவைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். "வரும்மா" என்றார். எங்களுக்குத் தெரிந்து அந்த மனிதர் ரிஸ்க் என்ற வார்த்தை இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

கதை அதோடு முடிந்திருந்தாலே போதும். ஆனால் பொங்கல் முடிந்து சில நாளில் ரோட்டுத் துறை இன்ஜினியர் ஒருவர் ஜீப்பில் அந்த வழியாகப் போனவர், வண்டியை ரிவர்ஸ் எடுத்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். பிடுங்கிப்போட வந்திருக்கிறார் என்று நினைத்து, தெருவே அவரைச் சுற்றி நின்றது.

"பிடுங்க வரலைம்மா. மழை வந்தா தோல் ஊறிடும். இந்த வளைவுக்கு நெஜமாவே ரோடு ஸ்டட் வெக்கணும். எங்களுக்கு ஏன் ஒரு மனு குடுக்கல?"

"இன்னா சொன்னீங்க?" என்றார் அக்கா.

"ரோடு ஸ்டட்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டட் என்பது நாங்கள் பெல்ட்டிலும் பூட்ஸிலும் அடிக்கிற உலோகக் குமிழ். அந்த மிஷின் அக்காவின் மிஷினுக்கு அடுத்த மிஷின்.

"எட்டு வருஷமா என் பக்கத்துலயே ஓடுது சார் அந்தக் கழுத! அது பேரச் சொல்லாம நான் ஊரு முழுக்க பில்லி கேட்டுன்னு இருந்தேனே!"

அந்த மனுவை நான் ஜீப் பானெட்டில் வைத்தே எழுதினேன். கோடு கொஞ்சம் சாய்ந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பங்குனியில் ஆட்கள் வந்தார்கள். ஒட்டுகிற பசையை அவர்கள் திறந்ததும் அக்கா மோந்து பார்த்து, "நம்ம கம்பெனி சொல்யூஷன் வாடைதான். கைய வெச்சி நல்லா அழுத்துங்கபா, அவசரப்பட்டா புடிக்காது" என்று அவர்களுக்கே வேலை சொன்னார். அவர்கள் அதை பட்டன் என்றார்கள். "பட்டன்னா காஜா வேணாமா?" என்று கேட்டு அவர்களையும் சிரிக்கவைத்தார். எங்கள் ஊரில் இப்போது அதை யாரும் ஸ்டட் என்றோ பட்டன் என்றோ சொல்வதில்லை. ரோட்டு ஐலெட்தான். வேறு ஊரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போதுகூட, "ஐலெட் புடிச்சிக்கினே வாங்க, தெரு வந்துடும்" என்கிறார்கள்.

புது வில்லைகள் ஒட்டிய அன்று சாயங்காலம் வேன் முதல்முதலாக அதன்மேல் வந்தது. எல்லாரும் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா முழங்காலில் கை வைத்தபடி, வாயைக் கொஞ்சம் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அக்கா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் அங்கேதான் ஜாஸ்தியாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு வேன் வந்தது. அக்கா, இருட்டின பிறகு திரும்புகிற ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தார்.